பனிமலைப் பூங்காவும் காணாத நாட்களின் கணக்கும்

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30ஆம் நாளன்று, நம் நாட்டில் வாழும் பனிச்சிறுத்தைகளின் கணக்கை மத்திய அரசாங்கம் வெளியிட்டது. நாடு முழுவதற்கும் தொகை 718. இவற்றுள் 477 லடாக்கிலும், 124 உத்தராகண்டிலும், 51 இமாசலப் பிரதேசத்திலும், 36 அருணாசலப் பிரதேசத்திலும், 21 சிக்கிமிலும், 9 ஜம்மு காஷ்மீரிலும் உள்ளன. இவ்வெண்களை வாசகர்கள் அப்பொழுதே பத்திரிகைகளிற் படித்திருப்பார்கள். ஆயினும் அவை எவ்வாறு கிடைத்தன என்பதை ஊன்றிப் பார்த்தவர்கள் மிகுதியாக இருக்கமாட்டார்கள்.

டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் முன்னின்று நடத்திய அப்பணி 2019 முதல் 2023 வரை நடைபெற்றது. ஆராய்ச்சியாளர்களும் வனத்துறை ஊழியர்களும் 13,450 கிலோமீட்டர் தூரம் மலைப்பாதைகளில் நடந்து, அடிச்சுவடு, எச்சம், மயிர், தரையைப் பிறாண்டிய தடம் ஆகியவற்றைத் தேடினர். 1,971 இடங்களில் தாமே படம் பிடிக்கும் காமிராக்களைப் பொருத்தினர். ஒவ்வொரு சிறுத்தையின் உடலிலுமுள்ள புள்ளிகளின் அமைப்பு, மனிதரின் கைரேகையைப் போன்று, தனித்தன்மை உடையது. ஆகவே படங்களை ஒப்பிட்டு, ஒன்றுக்கொன்று வேறான 241 சிறுத்தைகளை அடையாளம் கண்டனர். இவற்றிலிருந்து கணித முறையால் மதிப்பிட்டுப் பெற்ற தொகையே 718. கண்ணெதிரே நின்ற விலங்குகளை விரல்விட்டு எண்ணிய கணக்கு அன்று அது.

நான் விஞ்ஞானி அல்லேன். பட்டம் பெற்று, அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்து, பிறர் எழுதிய அறிக்கைகளைத் தமிழிற் பெயர்த்தெழுதுவதிலேயே நாற்பத்தைந்து வயதை எட்டிவிட்டவன். வனவிலங்கு அறிக்கைகளின் அட்டவணைகளில் 'நேரிற் கண்டவை', 'அறிகுறி கண்டவை' என இரண்டு பத்திகளை அடிக்கடி எழுதியிருக்கிறேன். மலைவாழ் விலங்குகளைப் பொறுத்தவரை முதற்பத்தி பெரும்பாலும் வெறுமையாகவும், இரண்டாவது நிரம்பியும் இருக்கும். பல ஆண்டுகள் இயந்திரம்போல் இவற்றை எழுதிய எனக்கு, அந்த வெறுமையின் பொருள் லடாக்கிற்கு நானே ஒருமுறை சென்று வந்த பின்னரே விளங்கிற்று.

அங்குக் கண்டவற்றை ஆதாரமாகக்கொண்டு ஒரு கருத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறேன். பனிமலைப் பூங்காவிற்கு விலங்கு காணச் செல்பவர், விலங்கைக் காட்டியதற்கென்று எவருக்கும் தனியே பணம் தரலாகாது. அதற்கு மாறாக, அங்குக் கழித்த நாட்களின் முழுக் கணக்கையும், ஒன்றுமே காணாத நாட்கள் உட்பட, எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். கேட்பதற்கு இது அற்பமான யோசனையாகத் தோன்றலாம். அற்பமன்று என்பதற்குரிய காரணங்களைச் சொல்லுகிறேன்.

நான் சென்றது ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்கு. 1981இல் அமைக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கம் பெற்ற இப்பூங்கா, ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நம் நாட்டின் தேசியப் பூங்காக்களுள் மிகப் பெரியது. புகழ்பெற்ற ஹெமிஸ் பௌத்த மடாலயத்தின் பெயரே இதற்கும் வழங்கப்பட்டிருக்கிறது. 'பூங்கா' என்னும் சொல் நம்மை ஏமாற்றிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூவும் இல்லை, காவும் இல்லை. மழைமேகங்களை இமயத்தின் தென்சரிவுகள் தடுத்துவிடுவதால், இப்பிரதேசம் குளிர்ந்த பாலைவனமாகவே இருக்கிறது. செந்நிறமும் சாம்பல் நிறமுமான பாறைகள், அவற்றின் இடுக்குகளில் பனி, ஓடைக்கரைகளில் மட்டும் இலையுதிர்த்து நிற்கும் சில மரங்கள். இப்பாறைகளுக்கு இடையே, பூங்காவின் எல்லைக்குள்ளேயே, வாற்கோதுமை பயிரிட்டும் ஆடுமாடு வளர்த்தும் வாழும் மக்களின் ஊர்கள் உள்ளன.

பிப்ரவரி மாதத்தில், லே நகரத்தில் மூன்று நாட்கள் ஓய்ந்திருந்து உடலை அந்தக் காற்றுக்குப் பழக்கிக்கொண்டு, சிந்து நதியைக் கடந்து ஜிங்சென் வரையில் மோட்டாரிற் சென்றேன். அங்கிருந்து உறைந்த ஓடையின் ஓரமாக நடந்து ரும்பக் என்னும் ஊரை அடைந்தேன். அவ்விடத்தின் உயரம் நாலாயிரம் மீட்டரை ஒட்டியது. அங்கே ஒருமுறை மூச்சிழுத்தால், கடலோரத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கிறது. இரவில் உஷ்ணநிலை உறைநிலைக்கும் இருபது பாகைகள் கீழே சென்றுவிடும். வீட்டுக்கார அம்மையார் 'ஜூலே' என்று வரவேற்று, சாணம் எரியும் அடுப்பின் அருகே என்னை அமர்த்தி, உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரைக் கொடுத்தார். 'ஆமா-லே' என்று அவரை அழைக்க வேண்டும் என எனக்கு வழிகாட்டியாக வந்த இளைஞர் சொல்லிக் கொடுத்தார். அம்மா என்பதற்கும் ஆமா என்பதற்கும் இருக்கும் ஒலியொற்றுமை எனக்கு அந்தக் குளிரிலும் ஒரு தனி மகிழ்ச்சியைத் தந்தது.

முதல் ஐந்து நாட்களும் 'அறிகுறி' நாட்கள். பாதை ஒரு மூலையைச் சுற்றித் திரும்புமிடத்தில் முன்னோக்கிச் சாய்ந்த பாறை ஒன்று இருந்தது. வழிகாட்டி அதன் அடியில் முகர்ந்து பார்க்கச் சொன்னார். சிறுத்தை தன் நீரைப் பீய்ச்சி விட்டுச்சென்ற காட்டமான நெடி அங்கே வீசிற்று. அதன் அருகே பின்னங்கால்களால் தரையைச் சீய்த்த ஒரு சிறு பள்ளமும், அதன் ஓரத்தில் குவிந்த மண்ணும் இருந்தன. பாறையின் சொரசொரப்பில் இரண்டு வெண்மயிர்கள் ஒட்டியிருந்தன. 'நேற்றிரவு' என்றார் அவர். சிறுத்தைகள் ஒன்றையொன்று காணாமலேயே இவ்வாறு செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஜனவரி முதல் மார்ச்சு நடுப்பகுதி வரை அவை இணைசேரும் காலமாதலால், இத்தகைய அறிகுறிகள் அப்பொழுது மிகுதியாகத் தென்படும்.

நேரிற் கண்ட விலங்குகளும் இல்லாமற் போகவில்லை. சரிவுகளில் பரால் என்னும் ஆட்டினம் மந்தை மந்தையாக மேய்ந்தது. ஆங்கில நூல்கள் இதனை நீல நிறச் செம்மறி என்று அழைக்கின்றன. இதன் மயிர் நீலம் அன்று, கருங்கல்லின் சாம்பல். இது செம்மறியும் அன்று, வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் இடைப்பட்ட இயல்புகளை உடையது. மொழிபெயர்ப்பாளனுக்கு இதனினும் பெரிய சோதனை வேண்டியதில்லை. நம் முன்னோர் மலைச்சரிவில் வாழும் ஆட்டுக்கு வரையாடு என்று பெயரிட்டனர். நிறத்தையும் இனத்தையும் பற்றிய வம்பின்றி, வாழுமிடத்தைக்கொண்டே பெயர் அமைத்துவிட்டார்கள். ஆனால் அச்சொல் நீலகிரியிலுள்ள வேறொரு விலங்குக்கு உரியதாகிவிட்டபடியால் இங்கே அதனைக் கையாள இயலாது. 'பரால்' என்றே எழுதுகிறேன்.

பராலையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முன்னங்காலால் பனியை விலக்கி, அடியிலுள்ள உலர்ந்த புல்லைத் தேடித் தின்னும். அசையாது நின்றால் பாறையோடு பாறையாகிக் கண்ணுக்கு மறைந்துவிடும். ஒருநாள் நண்பகலில் தாடிக்கழுகு ஒன்று எலும்புத்துண்டைக் கால்களிற் பற்றி உயரே சென்று, பாறையின்மேல் விழவிட்டு உடைத்து, இறங்கி விழுங்கியதையும் கண்டேன். இந்தக் காட்சிகளுக்காகவே நான் சென்றிருந்தாலும் செலவு வீண் என்று சொல்லியிருக்கமாட்டேன்.

ஆறாம் நாள் ஒரு கிளைப்பள்ளத்தாக்கில் சிறுத்தை தென்பட்டது. பரால் ஒன்றைக் கொன்று, அதன் பக்கத்திலேயே படுத்திருந்தது. தொலைநோக்கியில் வழிகாட்டி அதனைக் காட்டிய பிறகும், ஐந்து நிமிடம் வரையில் எனக்குப் பாறையே தெரிந்தது. பின்னர் அப்பாறை ஒரு நீண்ட வாலைச் சுருட்டித் தன் முகத்தை மூடிக்கொண்டது. உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய ஈடான அந்த வால், செங்குத்தான பாறைகளில் தாவும்போது நிதானம் கெடாமல் காக்கிறது, உறங்கும்போது போர்வையாகிறது. அரைமணி நேரத்துக்குள் வேறு இரண்டு பயணிக் கூட்டங்களும் அங்கே வந்து சேர்ந்தன. ஏறத்தாழ முப்பது பேர் ஆனோம். அவர்களுள் சிலர், பெரிய காமிராவுக்கும் அத்தூரம் போதாது என்று சொல்லிச் சரிவில் ஏறத் தொடங்கினர். எங்கள் வழிகாட்டி தயங்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஏறினேன். நூறு தப்படி ஏறியிருப்பேன். சிறுத்தை எழுந்தது, எங்களை ஒருமுறை நோக்கிற்று, முகட்டைத் தாண்டி மறைந்தது. அன்று மாலை வரையில் அது திரும்பவில்லை. மறுநாட் காலையில் நாங்கள் அப்பக்கம் சென்றபோது, உடலத்தை இரண்டு நாய்கள் தின்றுகொண்டிருந்தன.

இதனால் விளைந்த நஷ்டம் எவ்வளவு என்பதை அன்று நான் அறியேன். பின்னர் படித்தறிந்ததைக் கூறுகிறேன். வளர்ந்த சிறுத்தை ஒன்று, பராலைப்போன்ற பெரிய இரையை ஏறத்தாழ எட்டு முதல் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் கொல்லுகிறது. கொன்றதன் அருகிலேயே மூன்று நான்கு நாட்கள் தங்கிச் சிறிது சிறிதாகத் தின்று முடிக்கிறது. நாங்கள் அதனை விரட்டியது முதல்நாளிலோ இரண்டாம் நாளிலோ இருக்கவேண்டும். ஆகவே பெரும்பாலான உணவை இழந்து, கடுங்குளிரில், மறுபடியும் வேட்டைக்கு அது புறப்பட்டிருக்கும். வேட்டை என்பது ஒவ்வொரு முறையும் வெற்றி தரும் தொழில் அன்று. இழப்பு சிறுத்தைக்கு மட்டுமா? அது மற்றொரு பராலைக் கொல்லவேண்டும். பரால்களோ நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி வரை இணைசேரும் பருவத்தை முடித்து, கிடாக்கள் மெலிந்தும், பெட்டைகள் சினையாகவும் இருக்கும் காலம் அது. நம்மைக் கண்டு ஒருமுறை மிரண்டு அவை ஓடினால், கோடையிற் சேர்த்த கொழுப்பில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. வசந்தம் வரை அச்சேமிப்பு போதாவிடில் அவற்றுக்கு வேறு வழியில்லை. விலங்குகளைக் காண்பதற்கு வசதியான பருவமும், விலங்குகள் மிகுந்த வறுமையில் இருக்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிட்டன. பனியினால் பரால்கள் கீழே இறங்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து சிறுத்தை இறங்குகிறது. அதனைத் தொடர்ந்து நாம் ஏறுகிறோம்.

நாய்களைப் பற்றியும் ஒரு சொல். லடாக்கில் தெருநாய்கள் பெருகியதற்கு, முகாம்களிலும் விடுதிகளிலும் மிஞ்சும் உணவுக் கழிவு முக்கியமான காரணம் என்று வனவிலங்கு ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். அக்கழிவில் பயணிகளாகிய நமது பங்கும் உண்டு.

அன்றிரவு வழிகாட்டியிடம், 'ஏன் எங்களைத் தடுக்கவில்லை?' என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, 'சிறுத்தையைக் கண்டால் விருந்தினர் மகிழ்ந்து கொடுக்கிறார்கள், சார். அருகிற் கண்டால் அதிகம் கொடுக்கிறார்கள். காணாவிட்டால் ஒன்றும் இல்லை. அடுத்த முறை என்னை அழைக்கவும் மாட்டார்கள்' என்றார். அவர் பேச்சில் குறைகூறும் தொனி இல்லை, சாதாரணமாகச் சொன்னார். பயணிகள் தாமாகவே, அன்பினாலேயே, கொடுக்கும் இந்தப் பரிசுப்பணம், விலங்கின் எதிரில் நிற்கவேண்டிய தூரத்தைக் குறைக்கும் விலையாக மாறிவிடுகிறது. தூரம் எவ்வளவு என்று எந்த அறிவிப்புப் பலகையில் எழுதினாலும், வழிகாட்டியின் பிழைப்பு அதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று இழுக்குமானால் பலகை என்ன செய்யும்?

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. மக்கள் பணம் செலவழித்து அங்கே வருவது சிறுத்தையைக் காண்பதற்கே. காணாது திரும்புவோர் பெருகினால் வருவோர் குறைவர். வருவோர் குறைந்தால் ஊர்மக்களின் வருவாய் குறையும். அதனால் சிறுத்தைக்கே கேடு விளையும் என்பர். இம்மறுப்பை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆமா-லே தம் வீட்டின் பழைய கதையைச் சொன்னார். ஆட்டுப்பட்டியின் கூரையிலிருந்த திறப்பின் வழியே ஒருநாள் இரவு சிறுத்தை இறங்கிற்று. அடைபட்ட ஆடுகள் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடின. ஓடுவதைப் பாயும் இயல்புடைய சிறுத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்றது. விடிந்தபோது பதினொரு ஆடுகள் செத்துக் கிடந்தன. 'முன்காலமாயிருந்தால் ஆண்கள் கல்லால் அடித்தே கொன்றிருப்பார்கள்' என்றார் அவர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ரிஞ்சென் வாங்சுக் முதலியோரின் முயற்சியால், பட்டிகளுக்கு இரும்புவலைக் கூரையும் இறுக்கமான கதவும் அமைக்கும் பணியும், பயணிகளை ஊர்வீடுகளில் முறைவைத்துத் தங்கவைக்கும் ஏற்பாடும் லடாக்கில் தொடங்கின. தங்குவோர் தரும் பணத்தில் ஒரு பகுதி ஊரின் பொதுநிதிக்குச் சேர்ந்தது. பதினொரு ஆடுகளை இழந்த வீட்டில் இன்று சிறுத்தைமேல் பகை இல்லாதிருப்பதற்கு இதுவே காரணம். 2011இல் மறைந்த வாங்சுக் அவர்களின் இப்பணியை எண்ணும்போது, பயணிகளை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் ஊருக்கு வருவாய் தருவது பயணி தங்கும் நாட்களே என்பதைக் கவனிக்க வேண்டும். ஆமா-லேக்குக் கிடைக்கும் பணம் நான் சிறுத்தையைக் கண்டாலும் காணாவிட்டாலும் ஒன்றுதான். வழிகாட்டிக்கும் அவ்வாறே ஆக்கினால் என்ன? நாட்கூலியை உயர்த்தி, புறப்படும்போதே அன்பளிப்பையும் பேசி முடித்து, கண்டதைப் பொறுத்து அது கூடுவதும் குறைவதும் இல்லை என்று உறுதி கூறிவிடலாம். அப்பொழுது 'இதற்குமேல் ஏறக்கூடாது' என்று சொல்லும் தைரியம் அவருக்கு வரும். சிறுத்தை தன் இரையோடு இருக்குமாயின், எத்தனை கூட்டங்கள் எவ்விடத்தில் நிற்கலாம் என்பதை அவ்வூர் வழிகாட்டிகளே கூடி முடிவு செய்யவும் வழி பிறக்கும்.

காணாமல் திரும்புவது அவ்வளவு பெரிய துன்பமும் அன்று. 1970ஆம் ஆண்டு டிசம்பரில் சித்ராலில் காட்டுப் பனிச்சிறுத்தையை முதன்முதலாகப் படம் எடுத்தவர் ஜார்ஜ் ஷாலர் என்னும் அமெரிக்க விலங்கியல் அறிஞர். அவர் 1973இல் பரால்களை ஆராய நேபாளத்திலுள்ள டோல்போவுக்குச் சென்றபோது உடன் சென்றவர் பீட்டர் மாத்தீசன் என்னும் எழுத்தாளர். மாத்தீசன் சிறுத்தையைக் காணாமலே திரும்பினார். திரும்பி, அவ்விலங்கின் பெயரையே தலைப்பாகக்கொண்டு 1978இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது.

இனி, என் யோசனையின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். ஒரு பள்ளத்தாக்கில் இருமுறை சிறுத்தையைக் கண்டதாகப் பயணிகள் சொல்லுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். பத்து நாட்கள் பார்த்ததில் இருமுறையா, நூறு நாட்கள் பார்த்ததில் இருமுறையா என்பது தெரியாவிட்டால், விஞ்ஞானிக்கு அச்செய்தியினால் பயனில்லை. சென்ற ஆண்டினும் இவ்வாண்டு மிகுதியாகக் கண்டார்கள் என்றால், விலங்கு பெருகிற்றா, பார்ப்பவர் பெருகினரா? காணாத நாட்களின் கணக்கு இருந்தாலன்றி இதனைப் பிரித்தறிய இயலாது. பறவை காண்போர் இவ்வுண்மையை நெடுநாட்களுக்கு முன்பே உணர்ந்துகொண்டனர். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில், குறித்த நேரம் ஓரிடத்தில் பார்த்துத் தாம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதுகின்றனர். எழுதப்படாத பறவை அந்நேரத்தில் தென்படவில்லை என்பதும் அதனால் பதிவாகிறது. காகத்தை எழுத மறந்தவரின் பட்டியல் குறைபாடுடைய பட்டியல்.

பனிமலையிலும் இவ்வாறே செய்யலாம். தேதி, பள்ளத்தாக்கின் பெயர், பார்த்த மணிநேரம், பரால் மந்தைகளின் தொகை, அறிகுறிகள், நாய்கள், அன்று உடனிருந்த பயணிகளின் எண்ணிக்கை, சிறுத்தை இருந்ததாயின் அதற்கும் நமக்கும் இடையிலிருந்த தூரம், நாம் சென்றபின் அது எழுந்து போயிற்றா இல்லையா என்பன மட்டும் போதும். கடைசி இரண்டு பத்திகளையும் நேர்மையாக நிரப்புவது சிறிது கடினம் என்பதை நான் அறிவேன். என் தாளில் ஆறாம் நாளுக்கு எதிரே 'போயிற்று' என்றே எழுதினேன்.

இத்தகைய தாள் ஒன்றை லடாக்கி மொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, பயணிகள் தங்கும் ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரையிலும் தொங்கவிடலாம். குளிர்கால இரவு நீண்டது. எழுதுவதற்கு நேரம் வேண்டிய மட்டும் உண்டு. தென்னாட்டிலிருந்து செல்வோருக்காகத் தமிழ்ப்படி ஒன்று வேண்டுமென்று எவரேனும் கருதினால், அதனை எழுதித்தர ஆயத்தமாயிருக்கிறேன். 'நேரிற் கண்டவை' என்னும் பத்தியை இம்முறை கடைசியில் வைப்பேன்.